கப்பல் வரும்வரை மேசை இழுப்பறையில் இருந்த தந்திகள்

அந்தமான் போக எத்தனை நாள் வேண்டும், கப்பலா விமானமா என்று இந்த வலைப்பக்கத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாவது பயணம் நீங்கள் எல்லோரும் போவது மாதிரிதான். இங்கே எழுதப்போவது முதல் பயணத்தைப் பற்றி. 1968 மே மாதம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர்.

ஐம்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதக் காரணம் உண்டு. அண்ணனின் பேத்தி பெங்களூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டேன். மக்களின் போனுக்கு வரும் செய்திகளில் எதை உடனே காட்டுவது, எதைத் தள்ளிவைப்பது, எதைக் காட்டாமலே விடுவது என்று முடிவு செய்யும் பிரிவு என்றாள். யாரைக் கேட்டு முடிவு செய்வீர்கள் என்றேன். "யாரையும் கேக்க வேண்டாம் தாத்தா. அவங்க நல்லதுக்குத்தானே" என்றாள். நல்ல பெண், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள். அவள் குரலில் எனக்கு, அந்த முதல் பயணத்தில் பார்த்த தாணு அண்ணாச்சியின் குரல் கேட்டது.

1968 ஏப்ரலில் எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணன் பெருமாள் போர்ட் பிளேரில் அரசாங்க ரோடு வேலையில் ஓவர்சியர். ஏப்ரல் 18, வியாழக்கிழமை, அவனுக்குத் தந்தி கொடுத்தேன்: அப்பா கவலைக்கிடம், உடனே வா. பதில் இல்லை. 27-ஆம் தேதி இரண்டாவது தந்தி: வர முடியாவிட்டால் ஒரு வரி பதிலாவது கொடு. அதற்கும் இல்லை.

அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, ஆனால் பேச்சு இருந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கண் அங்கே போகும். சித்தப்பாமார், தீவுக்குப் போனவன் தீவோடு ஒட்டிக்கொண்டான் என்று அவர் காதுபடவே பேசினார்கள். கடைசியில் அப்பாவே என்னைக் கூப்பிட்டு, "நீ போய்க் கூட்டிட்டு வா. நான் அவனுக்கு என்ன குறை வச்சேன்னு கேளு" என்றார். அக்காவை அவர் பக்கத்தில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். நான் கப்பலில் வருகிறேன் என்று மூன்றாவதாக ஒரு தந்தியும் கொடுத்தேன்.

கோவில்பட்டியிலிருந்து மெட்ராஸுக்கு மூன்றாம் வகுப்பு ரயில், ஓர் இரவு, பதினான்கு ரூபாய் சொச்சம். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஞாயிறு, மே 5, பகல் பதினொரு மணிக்குக் கிளம்பியது. கப்பலின் அடித்தளத்தில் பங்க் என்று சொல்லும் அடுக்குப் படுக்கை, ஐம்பத்தெட்டு ரூபாய். சாப்பாடு தனி. கடல்வழி சுமார் 1,190 கிலோமீட்டர். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் தட்டில் வைத்த சோறு தானாக நகர்ந்தது. மூன்றாம் நாள் சோறே வேண்டாம் என்றாகிவிட்டது. (போகிறவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள். சாப்பிட அல்ல, முகர்ந்துகொண்டே இருக்க.) வாந்திக்கு நடுவே அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வகுப்புக்குத் தயார் செய்வதுபோல வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை, மே 9, காலை ஏழரைக்குப் போர்ட் பிளேரின் ஹேடோ ஜெட்டியில் கப்பல் வந்து நின்றது. கூட்டத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றான். என் டிரங்குப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "ஏலே, வாத்தியாருக்கு லீவு விட்டாத்தான் அண்ணன் ஞாபகம் வருமோ" என்றான். வாடகை ஜீப்பில் டெய்ரி ஃபார்ம் என்ற இடத்தில் இருந்த அவன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னென்ன காட்டப் போகிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். வீட்டில் மதினி மீன் குழம்பு வைத்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு தந்திக்கு ஒரு வரி பதில் போட முடியாதவனுக்கு மீன் குழம்பு ஒரு கேடா என்று கேட்டுவிட்டேன்.

அண்ணன் முகம் போன போக்கில் எனக்குப் புரிந்துவிட்டது. நான் கப்பலில் வருகிறேன் என்ற மூன்றாவது தந்தி மட்டும்தான் அவன் கைக்கு வந்திருந்தது. அப்பா படுத்திருப்பதையே நான் சொல்லித்தான் அறிந்தான். "தாணு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

தாணு அண்ணாச்சி தந்தி அலுவலகத்தில் கிளார்க். எங்கள் பக்கத்து ஆள், ஐம்பதை ஒட்டிய வயது. அந்தக் காலத்தில் தந்தி வேலை என்றால் இன்றைய கணினி வேலை மாதிரி. ஓர் உதாரணம் சொல்கிறேன். என் பள்ளியில் பையன்களின் அப்பாக்கள், கட்டுக்கட என்று தந்தி அடிக்கச் சொல்லித் தருவீர்களா என்று கேட்பார்கள். என் கடைசி வருடங்களில் வந்த அப்பாக்கள் கம்ப்யூட்டர் சொல்லித் தருவீர்களா என்று கேட்டார்கள். கேட்ட முகம் ஒன்றுதான். அண்ணனே எனக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறான், வாத்தியார் வேலையை விட்டுத் தந்திக்குப் படி, சம்பளமும் உண்டு, ஊரே கும்பிடும் என்று.

ஊர் கும்பிட்டது உண்மைதான். அங்கே வயர்லெஸில் வரும் தமிழ்க் குடும்பங்களின் தந்திகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணாச்சியுடையது. மெயின்லேண்டுக்குக் கப்பல் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒன்று. வாரம் ஒரு கல்கத்தா விமானம் இருந்தது, அது அதிகாரிகளுக்கு. ஆகவே அவராக ஒரு வழக்கம் வைத்திருந்தார். நல்ல சேதி என்றால் வந்த நிமிடமே பியூனிடம் போகும். கெட்ட சேதி, துறைமுகத்தில் அடுத்த கப்பல் வந்து நின்ற பிறகுதான் மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வரும்.

நாங்கள் போனபோது அண்ணாச்சி மறைக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, தேதிவாரியாக அடுக்கிய உறைகளிலிருந்து எங்களுடைய இரண்டையும் எடுத்து வைத்தார். ஒரு கசங்கல் இல்லை.

"பதினேழாம் தேதி ஜஹாஜ் போச்சு. பதினெட்டாம் தேதி இது வருது. அடுத்த ஜஹாஜ் எஞ்சின் பழுதாகி மெட்ராஸ்ல கிடக்கு. குடுத்தா நீரு என்ன செய்வீரு பெருமாளு, நீந்தியா போவீரு?" என்றார். தீவில் கப்பலை ஜஹாஜ் என்றுதான் சொல்வார்கள். குரலில் கோபமில்லை, குற்ற உணர்வும் இல்லை. முந்தின வருடம் புரோத்ராபூர்க்காரர் ஒருவரிடம் சாவுத் தந்தியை அன்றைக்கே கொடுத்தாராம். அந்த மனிதர் ஜெட்டியில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்து, கப்பல் வந்தபோது ஏற உடம்பில் தெம்பில்லாமல் கிடந்தாராம். அதற்குப் பிறகுதான் இந்த வழக்கம். "இன்னிக்குச் சாயங்காலம் நானே கொண்டாந்து குடுக்கத்தான் இருந்தேன். பேசிப் பக்குவமாச் சொல்லலாம்னு."

அண்ணன் தந்திகளைப் படிக்கவே இல்லை. விரலால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு, "பதில் போட்டிருப்பேனே அண்ணாச்சி" என்றான்.

அண்ணாச்சி இழுப்பறையைச் சாத்தினார்.

"வர முடியாதுதான். கப்பல் இல்ல அப்பா, வந்துருவேன்னு நாலு வார்த்தை அடிச்சிருப்பேனே. உங்க கையாலதானே அடிச்சிருக்கணும்."

"அது தோணலியேப்பா" என்றார், மெல்ல.

தந்தி இரண்டு பக்கமும் போகும் என்பது இருபத்தைந்து வருடம் அதையே அடித்தவருக்குத் தோன்றவில்லை. மனிதன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதைப் பற்றி மட்டுமே நினைத்திருக்கிறார். படுத்துக் கிடப்பவருக்கு ஒரு வார்த்தை போதும் என்று நினைக்கவில்லை. அன்றே பகல் இரண்டு மணிக்கு அண்ணன் சொல்லச் சொல்ல அவரே அடித்தார்: இன்றுதான் தெரிந்தது அப்பா, வருகிற கப்பலில் வருகிறேன். அப்படியே கப்பல் ஆபீஸுக்குப் போய் 14-ஆம் தேதி கப்பலில் எனக்கும் அவனுக்கும் இரண்டு டிக்கெட் எடுத்தோம். திரும்பும்போது அண்ணன் சொன்னான்: "அண்ணாச்சி இப்படிச் செய்யறது எனக்குத் தெரியும்லே. நாலு பேருக்குச் செஞ்சப்போ, மனுசன்னா இவருதான்னு நானே சொல்லியிருக்கேன்."

இந்த வாக்கியத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் அலைபேசிக் குழுவில் கணினிக் கம்பெனிகளைப் பற்றித் தினமும் விவாதம் நடக்கும். நம் பேச்சைக் கேட்கிறான், நம் படத்தை வைத்துக்கொள்கிறான் என்று ஒருவர் போட்டால், மறைக்க என்ன இருக்கிறது உங்களிடம் என்று இன்னொருவர் போடுவார். அடுத்தவன் உறை இழுப்பறைக்குள் இருக்கும்வரை எல்லோரும் அப்படித்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அண்ணனுக்குச் சிப்பிகாட்டில் ரோடு அளக்கும் வேலை. என்னையும் கூட்டிப்போனான். போர்ட் பிளேரிலிருந்து ஒன்பது மைல், ஜீப்பில் முக்கால் மணி நேரம். வழியெல்லாம் மழைக்கு முந்தின பச்சை. அங்கே முதுகுளத்தூர்ப் பக்கத்து வேலு என்பவர் நிலம் வாங்கி நெல்லும் தென்னையும் வைத்திருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் ஊரிலிருந்து வந்தவன் என்றதும் மழை பெய்ததா, கண்மாய் நிறைந்ததா என்று விடாமல் கேட்டார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன் கடிதம் வந்ததாம்.

"அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்லைங்க வாத்தியாரய்யா. தந்தி வரலைன்னா ஆத்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தார்.

நானும் அண்ணனும் இளநீரைக் குடித்து முடித்தோம். இழுப்பறையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அண்ணாச்சி ஒரு தந்தியோடு மழையில் நனைந்துகொண்டு டெய்ரி ஃபார்முக்கு நடந்தே வந்தார். இந்த முறை அவருடைய வழக்கப்படியே கப்பல் துறையில் நின்றுகொண்டிருந்தது, அதனால் தாமதமில்லை. அப்பா வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். அண்ணனின் தந்தி வெள்ளி காலை ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வந்ததென்று அக்கா பிறகு சொன்னாள். குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்களாம். அக்கா அதைச் சத்தமாகப் படித்தாளாம். வேறு என்ன செய்ய?

அண்ணன் கிளம்ப மறுத்துவிட்டான். "கொள்ளி வைக்காதவன் பதினாறுக்குப் போய் எந்த முகத்தோட நிக்க? ரெண்டு தந்திக்கு அசையாதவன்னுதான் ஊர் சொல்லும்." மதினி அழுது பார்த்தார். நான் கெஞ்சினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் டிக்கெட்டை என் சட்டைப் பையில் வைத்து, வழியில் கப்பல் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிடு என்றான். ஜெட்டிக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் உயிரோடு இருந்தான். ஊர்ப்பக்கம் வரவே இல்லை.

போகும் வழியில் தந்தி அலுவலகத்தில் இறங்கினேன். அண்ணாச்சியைத் திட்டவா, சொல்லிக்கொண்டு போகவா, எனக்கே தெரியவில்லை. மணி ஒன்றரை. கப்பல் நான்கு மணிக்கு. அவர் என் முகத்தைப் பார்க்காமல், அக்கா விலாசத்தை எழுதிக்கொடுங்கள், ஒரு கடிதம் போட வேண்டும் என்றார். பேனா எடுக்க இழுப்பறையைத் திறந்தார். உள்ளே மூன்று உறைகள். மேலே இருந்ததில் வேலு, சிப்பிகாட்.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "நேத்துத்தான் வந்தது. டிக்கெட் எல்லாம் தீந்துபோச்சு வாத்தியாரே. அடுத்த ஜஹாஜுக்குக் குடுத்துக்கலாம்" என்று இழுப்பறையைத் தள்ளினார்.

அண்ணனின் டிக்கெட் என் பையில் இருந்தது. சிப்பிகாட் போக முக்கால் மணி, திரும்ப முக்கால் மணி. ஒரு ஜீப்பைப் பிடித்திருந்தால் மூன்று மணிக்கு அவரைக் கப்பலடியில் நிறுத்தியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். தோன்றியது. அடுத்தவர் தந்தி, நமக்கெதற்கு என்றும் தோன்றியது. வயல் நடுவில் அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றும் தோன்றியது. விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஜெட்டிக்குப் போனேன். கப்பல் ஆபீஸுக்கும் போகவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம்தான். ஆனாலும் முடிந்தால் ஒரு வழியாவது கப்பலில் போங்கள். மே பாதிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், ஜனவரி, பிப்ரவரி நல்லது. சிப்பிகாட், போர்ட் பிளேரிலிருந்து 14 கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். பழைய வயல்களைத் தேடாதீர்கள். 2004 ஆழிப்பேரலையில் தரை தாழ்ந்து, அங்கே நிறைய இடத்தில் கடல்நீர் நிற்கிறது. 2011-இல் நான் போனபோது வேலு வீட்டை விசாரித்தேன். அப்படி ஒருவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை. பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. கிளம்பும் முன் வீட்டில் சொல்லிவிடுங்கள்: எந்தச் சேதியானாலும், நான் வர முடியுமோ முடியாதோ, எனக்குச் சொல்லிவிடுங்கள் என்று.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கஷ்டமாக இருக்கிறது தாத்தா என்றாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 1968 மே 14 மாலை நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பியது. எனக்குக் கீழே இருந்த படுக்கை அண்ணனுடையது. மூன்றரை நாளும் அதில் என் டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது.