கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது

அமெரிக்காவில், பார்சிப்பனி அலுவலகத்தில் என் டீம் லீட் டேவிட் ஒரு திங்கட்கிழமை என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். டாட்காம் சரிந்த வருஷம் அது. சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "காலை மீட்டிங்கில் லிண்டா பேசும்போது நீ சிரித்தாய். அவளுக்கு வலித்திருக்கும்" என்றார். அவ்வளவுதான். இதற்கு எதற்குக் கதவு? திருப்பூரில் எங்கள் மேனேஜர் திட்டினால் கேட் வாட்ச்மேன் வரைக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் திட்டுவார்.

டேவிட் யூதர், சனிக்கிழமையானால் காரைத் தொடமாட்டார். கதவைப் பற்றிக் கேட்டேன். ஒருவன் தப்புச் செய்தால் மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் அவனிடமே சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் வேதத்தின் கட்டளையாம். ஆனால் நாலு பேர் முன்னால் அவன் முகம் வெளிறினால் அது ரத்தம் சிந்தியதற்குச் சமமாம். அதற்கும் முன்னால் இன்னொன்று: யாரை எடைபோட்டாலும் நல்ல பக்கத்துத் தட்டு தாழும்படி போட வேண்டும்.

எனக்கு முருகேசன் ஞாபகம் வந்தது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அபார்ட்மென்ட்காரர், ஈரோடு. இரண்டு வருஷம் ஒரே காரில் வேலைக்குப் போனோம். திடீரென்று, "டைமிங் ஒத்துவரலைங்க, தனியா டிரைவ் பண்ணிக்கறேன்" என்று கழன்றுகொண்டார். டேவிட் கதவைச் சாத்தியதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, வீட்டுக்கு ஒரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் பாட்லக்கில் சாம்பார் சாதத்தோடு அதையும் பரிமாறினேன். "முருகேசனுக்கு கிரீன் கார்டு வந்துருச்சு போல. இனி நம்ம ஓட்டைக் கார்ல ஏறுவாரா?" எட்டுப் பேர் சிரித்தார்கள். அவர் மனைவி செல்வி தட்டை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். அதையும் கொழுப்பு என்றுதான் எண்ணினேன்.

அன்று சாயங்காலமே முருகேசனை நேருக்கு நேர் கேட்டுவிடக் கிளம்பினேன். கட்டளையில் எனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன் போல. அபார்ட்மென்ட் பார்க்கிங் லாட்டில் தன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஏறினேன். பின்சீட் முழுக்க ரெஸ்யூமே.

"வேலை போயி ஆறு வாரமாச்சுங்க. தினமும் கெளம்பி லைப்ரரில உக்கார்றேன். வேற கம்பெனி விசா எடுத்துக் குடுக்கலைன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். அதுவரைக்கும் வெளிய தெரியக்கூடாது."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமில்ல?"

அவர் என் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருப்பதைப் பார்த்து, அதை ஏற்றிவிட்டு, மெதுவாகச் சொன்னார். "உங்க வாய் தெரியுமுங்களே. சனிக்கிழமை நீங்க பேசுனதுக்குச் செல்வி ராத்திரியெல்லாம் அழுதா."

என் முகம் வெளிறியது. பார்க்க அவரைத் தவிர ஆளில்லை. டேவிட்டின் கட்டளையைக் கேள்விப்படாத மனிதர் அதை அட்சரம் பிசகாமல் செய்துவிட்டார்.

அடுத்த பாட்லக்கில், "முருகேசனைப் பத்தி நான் சொன்னது தப்பு" என்றேன்.

"ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லை. தப்பு என்னோடது."

"இவரே வாயைத் தொறக்கலைன்னா மேட்டர் பெருசுதான்" என்றார் ஒருவர். நாக்கு துறுதுறுத்தது. சோற்றைப் போட்டு அடைத்தேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகிறேன். பகலில் வாசற்கதவைச் சாத்தினாலே உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிற தெருவில் வளர்ந்த கை இது. கைப்பிடியைப் பிடித்ததும் கூசுகிறது. உள்ளே முருகேசன், "வேலை இன்னும் ஒண்ணும் அமையலைங்க" என்று தொடங்குகிறார். கதவைச் சாத்துகிறேன்.