பைல் நாட்டுக்குத் தனி முகவரி

மிளகு விவசாயிகள் சங்கத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தேன்மொழியை மணிவண்ணன் முதன்முதலில் கண்டது செம்மேட்டு அலுவலகத்தில். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவன். சங்கத்தின் இணைய முகவரிக்குக் கீழே, பைல் நாடு என்ற தங்கள் மலையூர்த் தொகுதிக்கென்று தனிப் பெயர் வாங்கி வா என்று திருவிழாக் கமிட்டி அவனைப் பெருமையாக அனுப்பியிருந்தது.

தேன்மொழி தலையில் கைவைத்துக்கொண்டார். "வருசத்துக்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு பேரு. போன கமிட்டி வெச்சதைத் தொட்டா கை வெந்துருமா சாமி?"

"புதுக் கமிட்டின்னா புதுசாத்தானுங்க்கா ஆரம்பிக்கோணும்."

"ஆரம்பிப்பீங்க. மூடறது யாரு?"

மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினார். முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுக்குறி வேண்டுமென்றால் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கிய சான்றிதழ் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவில் ஏறிவிடும். சங்கத்தின் பெயரில் என்ன ஏறுகிறது என்று தினமும் பார்ப்பது அவர் வழக்கம். அன்று காலை பைல் நாட்டின் பழைய திருவிழாப் பெயருக்குப் புதுச் சான்றிதழ் ஏறியிருந்தது. சங்கத்தில் யாரும் வாங்கவில்லை.

மணிவண்ணன் அந்த முகவரியைத் திறந்து பார்த்தான். சீட்டாட்ட விளம்பரம் பளபளத்தது.

"போன கமிட்டிக்காரங்க நெட்டுல வாடகைக்கு இடம் புடிச்சுப் பக்கம் போட்டாங்க," என்றார் தேன்மொழி. " திருவிழா முடிஞ்சதும் இடத்தை உட்டாங்க, அந்த இடத்தைக் காட்டற நம்ம பேர்ப்பலகையைக் கழட்டலை. இப்ப எவனோ நம்ம பேருல குடியிருக்கான்."

மாலையில் மிளகு வாங்கும் சென்னைக் கம்பெனிக்காரர்கள் தளத்தையும் சங்கத்தின் பெயரில் உள்ள மற்ற பக்கங்களையும் பார்ப்பார்கள். பிறகுதான் இந்த வருட மிளகை எடுப்பதா வேண்டாமா என்று சொல்வார்கள்.

பெயரை நீக்கும் அதிகாரம் சங்கச் செயலாளர் செங்கோட்டையனிடம் இருந்தது. அவரோ அசையவில்லை. "அது போன கமிட்டி வெச்சது. அவங்களைக் கேக்காம எடுத்துட்டு நான் பைல் நாட்டுப் பக்கம் போக முடியுமா?"

"ஏனுங்ண்ணா, அங்க சூதாட்டம் நடக்குதுங்க!" என்றான் மணிவண்ணன்.

"நடக்கட்டும். கேட்டுட்டு எடுக்கலாம்."

போன கமிட்டித் தலைவர் அர்த்தனாரி மணிவண்ணனின் பெரியப்பாதான். அவர் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று முணுமுணுத்தபடி மணிவண்ணன் பைக்கை எடுத்தான்.

பெரியப்பா ஏணி மேலே மிளகு பறித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, உங்க கமிட்டி பேருல சீட்டாட்டம் ஓடுது!"

"நான் சீட்டையே தொட்டதில்லையேடா!"

"எடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"நாங்க வெச்சதை அடுத்தவன் எடுக்கறதா? நானே வாரேன்."

ஏணியிலிருந்து இறங்கி, கைகால் கழுவி, வெள்ளை வேட்டி கட்டி, பின்னால் உட்கார்ந்து வந்தார். செங்கோட்டையன் பெயரை நீக்கும் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அர்த்தனாரி விரலை நீட்டியபடி கண்ணை மூடினார்.

"அமுக்குங்கய்யா!" என்று கத்தினார் தேன்மொழி. "கும்புடறதை அப்பறம் பாத்துக்கலாம்!"

அமுக்கினார். மாலையில் கம்பெனிக்காரர்கள் பார்த்தபோது தளத்தில் மிளகு மட்டுமே இருந்தது. எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

தேன்மொழி இப்போதும் செம்மேட்டில்தான் வேலை பார்க்கிறார். காலையில் வந்ததும் முதலில் அந்தப் பொதுப் பதிவைத்தான் திறக்கிறார். பைல் நாட்டுக்குத் தனி முகவரி இன்னும் கொடுக்கவில்லை.