வெள்ளிக்கிழமைக் கிணறு

எங்கள் வீட்டு மூக்குப்பேணியின் உள்ளே, அடிப்பக்கத்தில், வெள்ளையாக ஒரு வளையம் படிகிறது. பழப்புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஒரு கிழமை தண்ணீர் வைத்தெடுத்தால் திரும்பவும் வந்து குந்திக்கொள்ளும். என் சீதனத்தோடு வந்த பித்தளைப் பேணி அது. வாய் படாமல் மூக்கால் ஊற்றிக் குடிக்க வேண்டும். முந்தி அதன் உள்பக்கம் முகம் பார்க்கலாம் போல மினுங்கும். இப்போது அந்த வளையத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு உத்தியோகத்தர் தம்பியின் ஞாபகம்தான் வருகிறது. அவர் எங்கள் வீட்டில் முதன்முதல் தண்ணீர் குடித்தது இந்தப் பேணியில்தான்.

நான் அதிகம் படித்தவளில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் நெல்லிக்காயைக் காய்ச்சிச் சீனி சேர்த்து ரசம் வடிக்க எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. சண்டை முடிந்து சனம் மெல்லத் தலை நிமிர்த்திய காலத்தில், புத்தூரில் எங்கள் வீட்டுப் பின் கொட்டிலில் நானும் என் மச்சாளும் அயலில் ஒருத்தியுமாக நெல்லிரசம் போத்தலில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சிறு தொழில் செய்கிறவர்களைத் தூக்கிவிட வேண்டும், அதனால் ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து அனுப்பப்பட்டவர் அந்தத் தம்பி. தெல்லிப்பழைப் பக்கத்துப் பிள்ளை. நல்ல வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் பேணியில் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டார்.

"என்னம்மா, சீனி கீனி போட்டனீங்களோ? இனிக்குது."

"எங்கடை கிணத்துத் தண்ணிக்கு ஆர் தம்பி சீனி போடுறது?" என்றேன்.

கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். ரசத்தை ருசி பார்த்தார். பிறகு, பின்னாளில் எனக்கு மனப்பாடமாகிவிட்ட அந்தக் கேள்வியை முதல்முறையாகக் கேட்டார்: "இன்னும் ரண்டு பிள்ளையளுக்கு இதிலை இடம் இருக்குமோ அம்மா?" இருக்கும் என்றேன். போத்தல் கழுவ ஆட்கள் வேண்டும், காய் கழுவ ஆட்கள் வேண்டும். அவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி போதுமோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "தம்பி, இந்தக் கிணறு என்ரை மாமியார் காலத்திலையும் வத்தேல்லை. பயப்பிடாதேங்கோ."

அது பொய்யில்லை. அந்தக் கிணறு இன்று வரைக்கும் வற்றவில்லை.

கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது எங்களுக்கு மட்டும் உரிய கிணறு அல்ல, பங்குக் கிணறு. காணி உறுதியிலேயே நாலு குடும்பத்துக்குப் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. இன்னார் இன்ன நாளில் இறைப்பது என்று முறை உண்டு. ஒருவர் முறையில் மற்றவர் கை வைக்க மாட்டார். வெள்ளிக்கிழமை ஒருவருக்கும் முறை இல்லை. அன்றைக்குக் குடிக்க, சமைக்க வாளியால் அள்ளலாம், இறைக்கிற மிசின் பூட்டக் கூடாது. கிணறு ஆற வேண்டும் என்பார்கள். ஏன் ஆற வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடாதது போல அதுவும் ஒரு வழக்கம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

தம்பி சொன்னதைச் செய்கிறவர். கடன் எடுத்துத் தந்தார், பெரிய அடுப்பும் போத்தல் கழுவுகிற தொட்டிகளும் வந்தன, கொட்டில் இருந்த இடத்தில் கல்லால் மண்டபம் எழும்பியது. ஒவ்வொரு முறை வரும்போதும் பேணித் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னும் ரண்டு பிள்ளையள்?" என்பார். நான் பகிடியாக, "தம்பி, ஊரிலை பொம்பிளையள் முடிஞ்சு போச்சினம், இனி மருமகன்மாரைத்தான் கூட்டிக்கொண்டு வர வேணும்" என்பேன். ஒருநாள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "வேலை இல்லாத வீட்டிலை பின்னேரம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும் அம்மா. ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதையாயினம்." அதற்குப் பிறகு அவர் கேட்டு நான் இல்லை என்று சொன்னது கிடையாது.

வந்த பெண்களில் பாதிப்பேர் புருசனைப் பறிகொடுத்தவர்கள். காலையில் தலைவாரிப் பூ வைத்து, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒழுங்கையால் அவர்கள் நடந்து வருகிற காட்சியைப் பார்க்க நான் படலையில் நிற்பேன். என் போத்தல் லண்டனுக்கும் கனடாவுக்கும் போனது. அந்தப் பெருமையை நான் இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

ஆட்கள் கூடக் கூட எங்கள் ஒருநாள் முறைத் தண்ணீர் போதாமல் போனது. அப்போதுதான் எங்கள் ஊர்ச் சனம் மட்டும் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம் நடந்தது. கிழக்குப் பங்குக்கார அண்ணை தன் மகளை வேலைக்குக் கொண்டுவந்து விட்டார். இரண்டு பிள்ளைகளோடு தாய்வீடு திரும்பியிருந்தவள். அவள் தொடங்கிய அன்றைக்கே அண்ணை கிணற்றடியில் நின்று, "தங்கச்சி, என்ரை முறையையும் நீயே இறை. எனக்கு இருக்கிறது ரண்டு பாத்தி வெங்காயம், வாளியாலை ஊத்துவன்" என்றார். ஒரு சதம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதைப் பார்த்து மற்றப் பங்குக்காரர் இருவரும் தங்கள் வீட்டுப் பெண்களோடு தங்கள் முறையையும் தந்தார்கள். பெண் கொடுத்த வீட்டுக்குக் கணக்குப் பார்க்காத மாதிரி. வெளிநாட்டு ஓடர் பெரிதாக வந்த ஒரு கோடையில் வெள்ளிக்கிழமையும் மிசின் ஓடியது. அதற்கு நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை, அது ஒருவருடைய முறையும் இல்லையே.

அண்ணை மட்டும் வேலிக்கு அங்காலே நின்று, "என்ன தங்கச்சி, உன்ரை மிசின் வேதக்காரனோ? சேர்ச்சுக்குப் போக ஞாயிற்றுக்கிழமைதான் லீவோ?" என்றார். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் பருப்பு அவியவில்லை. கடைக்காரன் பழைய பருப்பைத் தந்துவிட்டான் என்று திட்டினேன். பிறகு, முழுகும்போது சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று மச்சாள் சொன்னாள். மிசின் குழாயின் வாயில் வெள்ளையாகப் பூத்தது. அண்ணையின் வெங்காயத் தாள் பச்சையாக நின்றபடியே நுனியில் மட்டும் கருகியது. எரித்த திரி போல, எல்லாத் தாளும், ஒரே அளவுக்கு. அவர் அதில் ஒன்றைக் கிள்ளிக்கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் எப்போதும் நிற்கிற படியில்தான் நின்றது. ஒரு விரற்கடை இறங்கவில்லை. குறைந்திருந்தால் எனக்குக் கண்ணால் தெரிந்திருக்கும். நாங்கள் மேலே இறைக்க இறைக்க, அடியிலிருந்து வேறு ஏதோ ஏறி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் படலையில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் கல்லுக்குக் கீழே அது வந்துகொண்டிருந்தது.

தம்பிக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். பேணியை நீட்டினேன். அண்ணாந்து ஊற்றியவர் பாதியில் நிறுத்தினார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வாயில் வைத்துக்கொண்டே மண்டபத்துக்குள் வேலை செய்கிற பெண்களைப் பார்த்தார். பிறகு விழுங்கினார்.

அன்றைக்கு மாமரத்தின் கீழே பங்குக்காரர் எல்லாரும் கூடினோம். கடல் உப்பு கீழால் ஏறுகிறது என்று தம்பி நல்லபடியாக விளக்கினார். இறைப்பைப் பாதியாகக் குறைத்தால், மழை இரண்டு வருசம் கைகொடுத்தால், ஒருவேளை தண்ணீர் திரும்பும் என்றார். இறைப்பைப் பாதியாகக் குறைப்பதென்றால் பெண்களில் பாதியை நிற்பாட்ட வேண்டும். ஆர் வீட்டுப் பெண்ணை?

"அண்ணை, உங்கடை முறையை நீங்கள் திருப்பிக் கேளுங்கோ. உங்களுக்கு உரிமை இருக்கு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டால்? என்ரை மகளை வீட்டை அனுப்புவாய். அவள் திரும்பவும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். என்ன தங்கச்சி கதைக்கிறாய்? வெங்காயம் போனால் போகட்டும்."

மற்றவர்களும் கேட்கவில்லை. தம்பி குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். ஊர் ஒன்று, குடிக்கிற தண்ணீரைத் தெரிந்துகொண்டே விட்டுக்கொடுத்ததை அன்றைக்கு நான் என் கண்ணால் பார்த்தேன். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது.

வெள்ளிக்கிழமை இறைப்பை மட்டும் நான் நிறுத்தினேன். மற்றபடி வேலை இன்றைக்கும் நடக்கிறது. கிணற்றுத் தண்ணீர் போத்தல் கழுவ மட்டும். ரசத்துக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது. எங்கேயிருந்து அள்ளுகிறாய் என்று பவுசர்காரனிடம் ஒருநாள் கேட்டேன். நிலாவெளிச்சம் போல நல்ல தண்ணீர், தோட்டக் கிணறு ஒன்று, ஓயாமல் இறைத்தாலும் வற்றாது என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போன மாதம் தம்பி வந்தார். இப்போது பெரிய உத்தியோகம், காதோரம் நரைத்துவிட்டது. தென்மராட்சிப் பக்கமிருந்து, தொழில் தொடங்கப்போகிற பெண்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு என் மண்டபத்தைக் காட்ட வந்திருந்தார். வந்தவர்களுக்குக் கடைத் தண்ணீர்ப் போத்தல் அடுக்கி வைத்திருந்தேன். அவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்: "அம்மா, அந்தப் போத்தலைக் குடுக்காதேங்கோ. பேணியிலை உங்கடை தண்ணியைக் குடுங்கோ. அதைக் காட்டவும்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

எனக்குச் சுருக்கென்றது. என் மண்டபத்துக்கு வந்தவர்களுக்கு என் குறையைக் காட்டுவதா? ஆனாலும் வாளியை இறக்கி அள்ளினேன். அந்தக் கூட்டத்தில் கெட்டிக்காரியாகத் தெரிந்தவள் ஒருத்தி. கண்ணில் வெளிச்சம், ஒவ்வொரு தொட்டியாகத் தொட்டுப் பார்த்து எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டபடி வந்தாள். பேணியை அவளிடம் நீட்டி, "குடிச்சுப் பார் பிள்ளை. முந்தி இது இனிச்சது" என்றேன்.

ஊற்றினாள். முகம் சுருங்கியது. மரியாதைக்காக விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

நாங்கள் எப்படி இறைத்தோம், வெள்ளிக்கிழமை என்ன செய்தோம், எல்லாம் நான் சொன்னேன். தம்பியும் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டாள். கடைசியில் தம்பி அவளிடம் கேட்டார்: "உங்கடை பக்கம் தண்ணி போதுமோ?"

"ஐயோ, எங்கடை கிணறு தேன் மாதிரி ஐயா" என்றாள் அவள். "அம்மம்மா காலத்திலையும் வத்தேல்லை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. வான் போன பிறகு, அவள் மேசையில் வைத்துவிட்டுப் போன பேணியை எடுத்தேன். அடியில் ஒரு மிடறு தண்ணீர் மிஞ்சியிருந்தது. கழுவாமல் அப்படியே வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். பின்னேரம் வந்து பார்த்தபோது தண்ணீர் இல்லை. வளையம் இருந்தது.