மூலை வீட்டின் சரியான விலை

எங்கள் குடியிருப்பில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றால், வாசலில் பலகை மாட்டுவதற்கு முன்பே செய்தி பரவிவிடும். நூற்றுநாற்பது வீடுகள். நடந்துபோகும் தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம், பத்து நிமிடத்தில் ரயில் நிலையம், வீதிதோறும் நிழல் மரங்கள். குழந்தை பிறந்த கையோடு இங்கே வீடு தேட ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் வீடு விற்க என்ன பெரிய சாமர்த்தியம் வேண்டும், பலகையை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதாதா என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். என் எதிர்வீட்டு டீச்சர் தன் வீட்டை விற்கக் கிளம்பிய வருஷம்தான் அந்த நினைப்பு போனது. போக வைத்தவர் சாவியக்கா.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் வேறு. இருபது வருஷத்துக்கு முன் இங்கே வீடு சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தார். வாரத்துக்குப் பதினோரு வீடு. வெளியூர் போகிறவர்கள் எல்லாம் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டு, தபாலை எடுத்து வைப்பார். ஒரு கட்டத்தில் அவர் பையில் முப்பது வீட்டுச் சாவி இருந்தது. சாவியக்கா ஆகிவிட்டார்.

முழங்காலில் உட்கார்ந்து தரை துடைக்கிறவருக்கு ஒரு வீட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் இருக்காது. எந்த அறை மூன்று மணிக்குக் கொதிக்கும், எந்தக் குழாய் விசிலடிக்கும் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் அவரைத்தான் கேட்பார்கள். அவரும் உள்ளதைச் சொல்வார். நாலைந்து பேருக்கு அப்படி வீடு அமைந்த பிறகு, பஸ் ஓட்டுநரான அவர் கணவர் ஒரு நாள் சொன்னார்: "நீ சும்மா சொல்றதையே சில பேர் கோட்டு போட்டுக்கிட்டு சொல்லி சம்பாதிக்கிறாங்க. நீ ஏன் பரீட்சை எழுதக் கூடாது?"

வீட்டுத் தரகர் உரிமத்துக்கான பரீட்சை அது. முதல் தடவை நாலு மார்க்கில் போனது. இரண்டாம் தடவை பாஸ். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையைப் பிடித்து ஒரு மேஜை, மூன்று நாற்காலி போட்டார். எட்டு வருஷம் வாடகை வீடுகளும் சின்ன சின்ன ஃபிளாட்டுகளுமாகத்தான் ஓடியது. எங்கள் குடியிருப்பில் யாரும் அவரிடம் வீட்டை விற்கக் கொடுக்கவில்லை. சாவியைக் கொடுப்போம், வீட்டைக் கொடுக்க மாட்டோம். எங்கள் லட்சணம் அப்படி இருந்தது.

டீச்சர் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். முட்டி வலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதும், தரைத்தளத்தில் சின்ன ஃபிளாட் ஒன்றைப் பார்த்து முன்பணம் கொடுத்தார். மூலை வீட்டை விற்றாக வேண்டும். மென்பொருள் கம்பெனியில் வேலை செய்யும் மகன் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆளை அழைத்து வந்தான். டீச்சர் தன் பங்குக்குச் சாவியக்காவை அழைத்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன், டீச்சருக்குத் துணையாக என்று பேர்.

நிறுவனத்து ஆள் வீட்டைப் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தெட்டு லட்சம். கண்ணை மூடிக்கிட்டு போடலாம்" என்று சொல்லிப் போனார். சாவியக்கா இரண்டு மணி நேரம் இருந்தார். கழிவறைத் தொட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மேஜையில் ஒரு தாளை வைத்தார்.

"டீச்சர், போன ஒரு வருஷத்துல இதே அளவுல மூணு வீடு வித்திருக்கு. நான் எழுதியிருக்கிறது கேட்ட விலை இல்ல, கைமாறின விலை. எண்பத்தெட்டு, எண்பத்தஞ்சு, தொண்ணூறு. தொண்ணூறுக்குப் போனதுல சமையலறை புதுசு, உங்களுது பழசு. ஆனா உங்களுக்குத் தோட்டம் பெருசு. மூலைங்கறதால காலையில ஸ்கூல் வேன் சத்தம் இருக்கு. எண்பத்தாறு போடலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. மாடி பாத்ரூம் குழாய் கசிஞ்சு கீழ் ரூம் கூரையில ஒரு கறை வரும், ஞாபகம் இருக்கா? நான் மாசாமாசம் துடைப்பேனே. அது இன்னும் இருக்கு. அதை சரி பண்ணிட்டுத்தான் ஆளைக் கூப்பிடணும்."

மகனுக்கு முகம் மாறிவிட்டது. சாவியக்கா படியிறங்கும் வரை கூடப் பொறுக்கவில்லை. "அம்மா, இவங்க நம்ம வீட்ல தரை துடைச்சுக்கிட்டு இருந்தவங்க. பன்னெண்டு லட்சம் குறைச்சு சொல்றாங்க."

"துடைச்சதால தாண்டா கூப்பிட்டேன்" என்றார் டீச்சர். ஆனாலும் பெற்ற மனசு. மகனே சொல்கிறானே என்று நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மகன் பேசியது படியில் நின்ற சாவியக்கா காதில் விழுந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நிறுவனம் கறைமேல் பெயிண்ட் அடித்தது. பளபளவென்று படம் எடுத்துப் போட்டது. முதல் வாரம் கூட்டம் வந்தது. என் ஜன்னலிலிருந்து பார்த்ததில் முக்கால்வாசிப் பேர் வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தார்தான். ஐந்தாவது வாரம் விலை தொண்ணூற்றிரண்டு ஆனது. ஒரு தம்பதி வாங்கவே முடிவு செய்து, பரிசோதகரை அழைத்து வந்தார்கள். அவர் கூரையில் ஒரு கருவியை வைத்ததும் அது கத்தியது. உள்ளே ஈரம். மறைத்துவிட்டார்களே, இன்னும் என்னென்ன மறைத்திருப்பார்களோ என்று அவர்கள் கழன்றுகொண்டார்கள். அப்புறம் எண்பத்தெட்டு. யாரும் வரவில்லை. "அந்த வீட்ல என்ன கோளாறு?" என்று கடையில் என்னையே இரண்டு பேர் கேட்டார்கள். டீச்சருக்குத் தூக்கம் போனது. அந்தப் பக்கம் ஃபிளாட்காரர் மீதிப் பணத்துக்குக் கெடு வைத்திருந்தார்.

மூன்றாவது மாதம் மகனே மருந்துக்கடை மாடி ஏறினான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று பிறகு அவனே என்னிடம் சொன்னான். அவன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் சாவியக்கா, "உக்காருப்பா. முதல்ல பலகையைக் கழட்டச் சொல்லு. மூணு வாரம் யாருக்கும் வீட்டைக் காட்ட வேண்டாம்" என்றாராம்.

அந்த மூன்று வாரமும் எங்கள் வீதியே வேடிக்கை பார்த்தது. பிளம்பர் வந்து குழாய் இணைப்பை மாற்றினார். கூரையைக் கொத்தி, ஒரு வாரம் திறந்தே போட்டு உலரவிட்டு, அப்புறம்தான் பூசினார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுக்கச் சொன்னார் சாவியக்கா. கடைசி இரண்டு நாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே தரையில் உட்கார்ந்துவிட்டார். லீவு போட்டு வந்த அவர் கணவர் தோட்டத்தில் களை பிடுங்கினார். மகன் ஏணியில் நின்று ஜன்னல் துடைத்தான்.

"அது துடைக்கிறதில்ல தம்பி, தடவுறது" என்றார் சாவியக்கா கீழிருந்து. "செய்தித்தாளை எடு. வட்டமா தேய்க்காதே, மேலிருந்து கீழே."

"சரிக்கா" என்றான். அக்கா என்று அவன் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

விலையை எண்பத்தைந்து என்று வைத்தார். மகன் தயங்கினான். "நீங்களே முதல்ல எண்பத்தாறு சொன்னீங்களேக்கா."

"அப்ப வீடு புதுசா சந்தைக்கு வந்த வீடு. இப்ப மூணு மாசம் விக்காத வீடு. அதோட, தேடறவங்க எல்லாம் 'எண்பத்தஞ்சுக்குள்ள'ன்னு தான் தேடுவாங்க. எண்பத்தாறு போட்டா அவங்க கண்ணுலயே படாது. பத்துப் பேர் ஒரே நாள்ல வரட்டும். மிச்சத்தை அவங்களே ஏத்துவாங்க."

சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீட்டைத் திறந்து வைத்தார். கூடத்து மேஜையில் பிளம்பர் ரசீது, கொத்திய கூரையின் படங்கள், பக்கத்தில் அவர் கைப்பட எழுதிய ஒரு தாள். மேற்கு அறை மத்தியானம் சூடாக இருக்கும். எட்டரை மணிக்கு வேன் சத்தம் கேட்கும். சமையலறை பதினெட்டு வருஷப் பழசு. வீட்டைப் பற்றி இப்படி யாராவது எழுதி வைப்பார்களா? ஆனால் வந்த பதினேழு குடும்பமும் அந்தத் தாளைப் படித்த பிறகு குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள், அளவெடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இனி பயப்பட என்ன இருக்கு?" என்று கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பூரித்துப் போனேன், ஏதோ நானே எழுதி வைத்த மாதிரி.

திங்கட்கிழமைக்குள் ஐந்து பேர் தங்கள் விலையைச் சொல்லி எழுதியிருந்தார்கள். இருப்பதிலேயே அதிகம் தொண்ணூற்றிரண்டு. ஆனால் அவர்கள் தங்கள் பழைய வீட்டை விற்ற பிறகுதான் பணம் தர முடியும். அடுத்தது தொண்ணூற்றொன்று. வங்கிக் கடன் கடிதம் கையில்.

"தொண்ணூத்தொண்ணை எடுங்க டீச்சர்" என்றார் சாவியக்கா.

"ஒரு லட்சத்தை விடறோமே" என்றான் மகன், பழைய குரலில் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கும் குரலில்.

"அவங்க வீடு விக்கிற வரைக்கும் அம்மாவோட ஃபிளாட்டு காத்துக்கிட்டு இருக்குமா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷம் கணக்கு எடுத்திருக்கேன். இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித் தரல" என்றார். தொண்ணூற்றொன்றுக்கே முடிந்தது. தொண்ணூற்றிரண்டு சொன்னவர்களின் பழைய வீடு விற்க அப்புறம் ஐந்து மாதம் ஆனது.

பத்திரப்பதிவு அன்று வாங்கியவர், சாவியக்காவிடம் எங்கே படித்தீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் டீச்சரின் மகன் முந்திக்கொண்டான். "எங்க வீட்ல தான் சார். பத்துப் பன்னெண்டு வருஷம் எங்க வீட்டைத் துடைச்சு வெச்சவங்க. இந்த வீட்டைப் பத்தி எனக்கே தெரியாததெல்லாம் இவங்களுக்குத் தெரியும்." சில மாதங்களுக்கு முன் குறையாகச் சொன்ன அதே விஷயத்தை இப்போது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். சாவியக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, "மேற்கு அறைக்குத் தடிமனா ஒரு திரை போட்டுக்கோங்க" என்று மட்டும் வாங்கியவரிடம் சொன்னார்.

அந்த வருஷம் எங்கள் குடியிருப்பில் ஒன்பது வீடு கைமாறியது. ஏழு அவர் மூலமாக. பெரிய நிறுவனத்துக்கும் காது இருக்கிறதே. மேலாளர் வரச்சொல்லி ஆளனுப்பினார். பதினோராவது மாடி, கண்ணாடி அறை, மாதச் சம்பளம், கார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாகவும், நன்றாகத்தான் இருந்தது என்றும் அவரே ஒளிக்காமல் சொன்னார். வீட்டு விலையை மட்டும் தலைமை அலுவலகம்தான் முடிவு செய்யும் என்று மேலாளர் சொன்னதும் எழுந்துவிட்டாராம்.

"நான் சொல்ற விலைக்கு நான் பொறுப்பு. நீங்க சொல்ற விலைக்கு நான் எப்படி சார் பொறுப்பாக முடியும்?"

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் கேட்டது ஒன்றுதான்: "காபி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ரெண்டு கப் குடிச்சேன்."

"அப்ப போனது வீண் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டாம் வீதியில், அடுத்து விலைக்கு வரவிருந்த பல் டாக்டர் வீட்டு வாசலில் சாவியக்காவின் செருப்பு கிடந்தது. உள்ளே குளியலறையில் அவர் மண்டியிட்டு, கை கழுவும் தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.