பாஸ்டர் துடைத்த தரை

எலுமிச்சைச் சவர்க்காரத் தண்ணீரின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். எசன் நகரில், ஜெர்மன்காரரின் ஆராதனை முடிந்தபின் ஞாயிறு பின்னேரங்களில் அவர்களுடைய தேவாலய மண்டபத்தை எங்கள் தமிழ்ச் சபைக்குத் தருவார்கள். தேத்தண்ணீரும் ரோல்ஸும் முடிந்ததும் எங்கள் பாஸ்டர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, யாரையும் கிட்ட விடாமல், தானே தரை துடைக்கத் தொடங்குவார். 'தலைவர் எண்டால் இப்பிடி இருக்கவேணும்' என்று பெரியவர்கள் உருகிப்போவார்கள்.

அம்மா மட்டும் உருகவில்லை. 'ஒஃபிஸிலை வேலை' என்று சபையில் சொல்லி வைத்திருந்தார். விடியற்காலையில் அந்த ஒஃபிஸைத் துடைப்பதுதான் அந்த வேலை என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சபைப் பெண்களுக்கு நடுவே தலைநிமிர்ந்து இருக்க முடியாது என்று பயந்தார். பாஸ்டர் எங்கேயோ தன்னை வேலை உடுப்போடு கண்டுவிட்டார், அதைத்தான் வாராவாரம் குத்திக்காட்டுகிறார் என்பது அவருடைய முடிவு. அந்தச் சந்தேகம் எனக்கும் தொற்றியது. பத்து வயதில் நான் பாஸ்டரை வேவு பார்த்தேன். எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தால்கூட அதற்கு உள்ளர்த்தம் தேடினேன்.

ஒன்று மட்டும் நிச்சயம், மனிதருக்குத் துடைக்கத் தெரியாது. வாளித் தண்ணீரில் பாதியைத் தரையில் ஊற்றிவிடுவார். மரத்தரை ஊறி உப்பத் தொடங்க, இன்னொரு முறை இப்படி நடந்தால் மண்டபம் கிடையாது என்று ஜெர்மன் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறும் பாஸ்டர் சொட்டச் சொட்ட மொப்பைத் தூக்கினார். அம்மா எழுந்தார்.

"பாஸ்டர், பிழியாமல் வைக்காதேங்கோ. நான் ஒஃபிஸ் துடைக்கிறனான், எனக்குத் தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. பாஸ்டர் மொப்பை அம்மாவிடம் நீட்டவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "அக்கா, இருந்து சொல்லுங்கோ, நான் செய்யிறன்" என்றார். அம்மா பிழை சொல்லச் சொல்ல, அத்தனை பேர் முன்னிலையிலும் மூலையிலிருந்து மறுபடி துடைத்தார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மா சரியென்று தலையாட்டிய பின்னர்தான் பாஸ்டர் கதவைப் பூட்டினார்.

இப்போது அந்தக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். உள்ளே சுவரேறும் விளையாட்டுக்கூடம், இளைஞர்கள் கயிறு கட்டி ஏறுகிறார்கள். மரத்தரையும் இல்லை, சபையும் நாலு ஊராகச் சிதறிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பாஸ்டரைக் கண்டபோது, அம்மாவின் வேலை அவருக்கு முன்பே தெரியுமா என்று நேரே கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சிருந்தால் முதல் நாளே அவவிட்டைப் போய்த் துடைக்கப் பழகியிருப்பன் பிள்ளை," என்றார். "ஒரு வருசம் அந்தத் தரையைப் பழுதாக்கியிருக்க மாட்டன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். யார் எதைச் சொன்னாலும் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிப்பவர், இந்த முறை பாஸ்டரின் போன் நம்பரைக் கேட்டார்.