இருபத்தெட்டு நாள் ஊசி

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, பெங்களூரு ஆடுகோடியில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“பேஷன்ட் போன்ல வீடுன்னு இந்த நம்பர்தான் இருக்கு. நீங்க யாரு?” என்று கேட்டாள் பேசிய பெண்.

மனைவி என்றேன். சட்டப்படி அது இன்னும் உண்மைதான். நாங்கள் இருவரும் சம்மதித்து விவாகரத்துக்கு மனு கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கோர்ட் ஆறு மாதம் பொறுக்கச் சொல்லியிருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தார். நான் ஒக்கலிபுரத்தில் அம்மாவோடு இருந்தேன். ஒன்பது வருடக் கல்யாணத்தில் அடி இல்லை, குடி இல்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. என் அப்பா இறந்த அன்று இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிப் போனவர், மறுநாள் எல்லாம் முடிந்த பிறகே வந்தார். அதன் பிறகு நான் அவரிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு மாதமாக அவருக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். அன்று ஒரு அபார்ட்மென்ட்டின் மேல்மாடிக்குப் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. அங்கிருந்த செக்யூரிட்டி ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

மூன்று முறை ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, இதயத்தை ஸ்கேன் செய்த பிறகு டாக்டரம்மா எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

“சமீபத்துல பல்லு ஏதாவது புடுங்கினீங்களா?”

“ரெண்டு மாசம் முன்னாடி, மேடம்.”

அவருடைய இதய வால்வில் பிறவியிலேயே ஒரு சின்னக் குறை இருந்திருக்கிறது. வாயிலிருந்த கிருமி ரத்தத்தில் இறங்கி அந்த வால்வில் போய் ஒட்டி வளர்ந்துவிட்டது. “இது மாத்திரைக்கு அடங்காது. செஃப்ட்ரியாக்சோன்னு ஊசி. தினம் ஒரு வேளை, நாலு வாரம். ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டா வால்வு போயிடும், ஆபரேஷன்தான்” என்றார்.

முதலில், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, முன்கையில் கொஞ்சம் மருந்தைத் தோலுக்கடியில் போட்டு, பேனாவால் வட்டமிட்டு, நர்ஸ் காத்திருந்தாள். தடிப்பு வரவில்லை. பிறகு ஆரம்பித்தார்கள். கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றார்கள். நான் போட்டேன். பயமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. கடைக்குத் திரும்பி, போன் வந்த அன்று பாதியில் விட்ட அந்தப் பெரியவரின் ஃபிரேமுக்கு ஆர்டர் எழுதினேன்.

இரண்டு வாரம் வார்டில் கழிந்தது. காய்ச்சல் ஐந்தாம் நாளே விட்டிருந்தது. மீதி இரண்டு வாரத்துக்குத் தினமும் பக்கத்து நர்ஸிங் ஹோமில் போட்டுக்கொள்ளலாம் என்று, மேல்கையில் மெல்லிய நீளக் குழாய் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அந்தக் கையோடு அவரால் வண்டி ஓட்ட முடியாது. ஓசூரில் இருந்த அவர் அண்ணனுக்கு ஷிஃப்ட் வேலை.

“உனக்கு எதுக்குடி இது? இன்னும் மூணு மாசத்துல அவன் யாரோ நீ யாரோ” என்றாள் அம்மா.

“நர்ஸிங் ஹோம் என் கடைக்குப் போற வழிதானேம்மா” என்றேன். அது முழுக்கச் சரியில்லை. ஈஜிபுரா சுற்று வழி.

காலை எட்டரைக்கு அவர் வீட்டுக் கீழே ஸ்கூட்டரை நிறுத்துவேன். அவர் குழாய் நனையாமல் கையில் பிளாஸ்டிக் சுற்றிக் குளித்துவிட்டு இறங்கி வந்து, பின்னால் இடைவெளி விட்டு உட்காருவார். நர்ஸ் சின்ன பாட்டிலிலிருந்த வெள்ளைப் பொடியில் தண்ணீர் ஏற்றிக் குலுக்குவாள். அது லேசான மஞ்சளாகும். அதை டிரிப்பில் கலந்து அரை மணி நேரம் ஏற்றுவாள். நான் பக்கத்து நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“நிம்ம யஜமான்ரு பஹள சைலென்ட்” என்றாள் நர்ஸ் ஒரு நாள் கன்னடத்தில், உங்கள் வீட்டுக்காரர் ரொம்ப அமைதி என்று. ஆமாம் என்று தலையாட்டினேன்.

இருபதாம் நாளோ என்னவோ, டிரிப் பாதி ஓடியிருக்கும்போது அவர் பேசினார்.

“உங்கப்பா போன அன்னிக்கு லிஃப்ட் ஒண்ணும் ரிப்பேர் ஆகல.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அங்க உக்கார முடியல. உன் மூஞ்சியப் பாக்க முடியல. ரயில்வே ஸ்டேஷன்ல போய் விடியற வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.”

இதைக் கேட்க நான் எவ்வளவோ நாள் காத்திருந்தேன் என்பது ஞாபகம் வந்தது. கேட்ட பிறகு உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். டிரிப் சொட்டிக்கொண்டிருந்தது. “சரி” என்றேன். “இன்னைக்கு கடையில ஸ்டாக் எடுக்கறாங்க, சீக்கிரம் போகணும்.” அவரும் சரி என்றார்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி. ரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஸ்கேனில் வால்வு கொஞ்சம் கசிந்தது, ஆனால் ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார் டாக்டரம்மா. இனி பல் வைத்தியம் எதுவானாலும் முதலில் இதய டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். குழாயை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டினார்கள். வீட்டு வாசலில் இறங்கி, “வரேன்” என்றார். வண்டியைத் திருப்பினேன்.

ஆறு மாதம் முடிந்து கோர்ட்டில் ஜட்ஜ், சேர்ந்து வாழ ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று நான்தான் முதலில் சொன்னேன். அவரும் இல்லை என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று வெளியே வந்து கேட்டேன். படி ஏறினால் கொஞ்சம் இரைக்கிறது, மற்றபடி பரவாயில்லை என்றார். பஸ் வந்தது, ஏறிப் போனார்.

அதற்கு முன்பே, ஊசி முடிந்த வாரத்தில், பழக்கத்தில் எட்டு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். கடை திறக்கப் பத்தாகும். மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்று எதிர்ச்சாரி வெல்டிங் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதெல்லாம் ஒன்பதரைக்குத்தான் கிளம்புகிறேன்.