அழுங்கு வளை

இது நடந்தது. போன ஆவணியில், பனிச்சங்கேணிக்கு மேற்கே உள்ள பற்றைக்காட்டில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ஆனால் நிருஷாவிடம் போய்க் கேட்காதீர்கள். அவள் இதை இரண்டாம் முறை சொல்லமாட்டாள்.

காட்டு விலங்குகளைக் கணக்கெடுக்கும் குழுவொன்றில் அவளுக்கு வேலை. மரங்களில் தானியங்கிக் கமெரா கட்டுவாள். சில வாரங்கள் கழித்துப் போய்ப் படங்களை எடுத்துவருவாள். அவர்கள் தேடியது அழுங்கை. உடம்பெல்லாம் செதில், பகலில் வளைக்குள் உறக்கம், இருட்டிய பிறகே நடமாட்டம். அழிந்துகொண்டிருக்கும் பிராணி. செதிலுக்குக் கள்ளச்சந்தையில் பெரும் விலை, பிடித்தால் சிறை. ஒன்றரை வருடமாக ஒரு படம்கூட விழவில்லை. ஆடிக் கடைசியில்தான் கறையான் புற்றொன்றின் அருகே புதிதாகத் தோண்டிய வளையைக் கண்டு, எதிரே கமெராவைக் கட்டினாள். அந்தச் சந்தோசத்தில் வீட்டில் இடத்தைச் சொல்லிவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிதுர்ஷன் வழியை மட்டும் இரண்டு தரம் விசாரித்தான். மறுநாள் காலையில் வெளியே போனவன் திரும்பவுமில்லை. அவனுடைய கூட்டாளி உதயரூபன்தான் வந்து சொன்னான்.

“அவன் கட்டாருக்குப் போயிற்றான் புள்ள. அவசரமா விசா வந்திச்சு.”

“எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?”

“போய்ச் சேர்ந்தா கோல் எடுப்பான்.”

தொலைபேசி அழைப்பு எதுவும் வரவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. இருபத்தோராம் நாள் படம் எடுக்கத் தனியாகக் காட்டுக்குப் போனாள்.

மணி 11.52. கமெராவைத் திறந்தாள். மூன்று படங்கள். மூன்றிலும் அழுங்கு! சந்தோசத்தில் கத்தாத குறை. பிறகுதான் நேரத்தைப் பார்த்தாள். 12.10... நள்ளிரவு இல்லை, நண்பகல். அண்ணன் போன நாள். மறுநாள். அதற்கடுத்த நாள். உச்சி வெயிலில் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, அது கமெராவையே பார்த்துக்கொண்டிருந்தது.

சரக்... சரக்...

வளைக்குள் இருந்துதான். வாய் பாதி இடிந்திருந்தது. குனிந்தாள்.

சத்தம் நின்றது.

“தங்கச்சி...”

அண்ணனின் குரல்.

“அண்ணா? உள்ளுக்கயா இரிக்கிறீங்க?”

“கையப் பிடி...”

தோள்வரை கையை நுழைத்தாள். சில்லென்று விரல்கள் வந்து பற்றின. நான்கு விரல்கள். படகு இயந்திரத்தில் சுண்டுவிரலை இழந்தவன் அவன்.

இழுத்தாள்.

“இழுக்காத... உதயனக் கேளு...”

பிடி விட்டது.

மணி 12.10.

அவள் ஓடிப்போய்ச் சொன்ன பிறகு பொலிசார் உதயரூபனைப் பிடித்தார்கள். அவன் அழுதான்.

“போட்டிருந்த சேட்டக் கழற்றிக் கமெராவ மூடிப்போட்டுத்தான் தோண்டின நாங்க. மண் சரிஞ்சிற்று. காலப் பிடிச்சு இழுத்தன், வரல்ல. கத்திக்கொண்டுதான் இருந்தான்... அழுங்கு கேசில உள்ள போட்டிருவாங்க எண்டு பயந்து, சேட்டயும் எடுத்துக்கொண்டு வந்திற்றன்.”

நிருஷாவை வீட்டில் இருத்திவிட்டுத்தான் வளையைத் தோண்டினார்கள். அரிய படங்கள் என்று குழு அவளைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

மரண விசாரணை அறிக்கையை மட்டும் வாசித்தாள். இறந்து மூன்று வாரம். தலையை முன்னே கொடுத்து நுழைந்த நிலையிலேயே கிடந்திருக்கிறான். வளை வாயிலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை அவனுடைய பாதங்கள்.

கைகள் இரண்டும் ஏழடி ஆழத்தில், மண்ணுக்குள் இறுகிக் கிடந்தன.